செங்கற்சூளைக்குள் ஓர் இயற்கைப் பள்ளி: ரொறன்ரோவின் எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ்

மூடப்பட்ட தொழிற்சாலையை வைத்து ஒரு நகரம் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களை நான் டொன் பள்ளத்தாக்குக்குப் போகச் சொல்வேன். பேவியூ அவெனியூ 550ஆம் இலக்கத்தில் இருக்கும் எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ், ஏறக்குறைய நூறு ஆண்டுகள் செங்கல் சுட்ட இடம். பின்னர் கைவிடப்பட்டுக் கூரை ஒழுகிச் சுவர் கறுத்துக் கிடந்த அதே கட்டடங்களில் இன்று பள்ளிப் பிள்ளைகள் குளத்து நீரை வடித்துப் பூச்சிகளைப் பார்க்கிறார்கள், பெரியவர்கள் நாட்டுத் தாவரங்களை வளர்க்கப் பழகுகிறார்கள், சனிக்கிழமைகளில் உழவர் சந்தை கூடுகிறது. இதுபோன்ற மாற்றங்கள் உலகின் பல நகரங்களில் நடந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பழைய கட்டடத்தின் முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே கடைத்தொகுதி கட்டியவை. இங்கே அப்படி நடக்கவில்லை. இடிந்ததை மறைக்காமல், அந்த இடிபாட்டையே முதற்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இவ்விடத்தைப் பற்றி விரிவாக எழுத என்னைத் தூண்டியது.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது தெரியாமல் போகிறவருக்கு இங்கே பாதிதான் கண்ணில் படும். 1882இல் வேலிக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த வில்லியம் ரெய்லர் என்பவர் இந்த மண் செங்கலுக்கு ஏற்ற களிமண் என்று கண்டுகொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1889இல் ரெய்லர் சகோதரர்கள் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். மேலே களிமண், அடியில் ஷேல் எனப்படும் களிப்பாறை, பக்கத்தில் ஓடைத் தண்ணீர் என்று வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கிடைத்ததால் குழி தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே சூளையும் எழுந்தது. 1904இல் நகர மையத்தை எரித்த பெருந்தீக்குப் பின்னர் மரத்தை நம்பாமல் செங்கல்லால் கட்டும் தேவை பெருகியது. காசா லோமா, மசி ஹோல், ஒன்ராறியோவின் சட்டமன்றக் கட்டடம் என்று இந்நகரத்தின் அடையாளமாக நாம் படம் பிடிக்கும் பல கட்டடங்களில் இங்கு சுட்ட கல் இருக்கிறது. உச்சக்கட்டத்தில் ஆண்டுக்கு 4 கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் இங்கிருந்து வெளியே போயின. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையும் வீடும் இழந்தவர்கள் சூளைகளின் சூட்டை நாடி இரவில் இங்கே வந்து படுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான், அந்தச் சுரங்கம் போன்ற சூளைகளின் முன் நிற்கும்போது அவற்றின் கனம் புரியும்.

எடுக்கத்தக்க மண் பெரும்பாலும் தீர்ந்துபோனதும் 1984இல் இந்நிலம் வீடுகள் கட்டும் நோக்கமுடைய நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. நகர மையத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், ரோஸ்டேல் போன்ற செல்வந்தர் குடியிருப்பின் அடிவாரத்தில் இருக்கும் நிலத்துக்கு எத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இதைக் காப்பாற்றியதில் 1954 ஒக்டோபரில் அடித்த ஹேசல் சூறாவளிக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் புயல் ஒன்ராறியோவில் 81 உயிர்களைக் கொண்டுபோனது. ஆற்றோர வெள்ளச் சமவெளிகளில் வீடு கட்டவிடுவது மனிதரைக் கொல்வதற்குச் சமம் என்று அதற்குப் பிறகுதான் அரசு உணர்ந்தது. பள்ளத்தாக்கு நிலங்களைப் பொதுச் சொத்தாக வாங்கிக் காக்கும் பொறுப்பு இன்று ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபை என்று நாம் அறியும் அமைப்பிடம் வந்தது. வீட்டுத் திட்டத்தைத் தடுத்து, நிலத்தைப் பொதுமக்களுக்காகக் கையகப்படுத்த வழி செய்தது அந்தக் கொள்கையே. நகரின் பரப்பில் ஏறக்குறைய 17 விழுக்காடு இன்றும் பள்ளத்தாக்குகளாகவும் ஓடைக்கரைகளாகவும் மிஞ்சியிருப்பதற்கும் அதுவே அடிப்படை. பிறகு பல ஆண்டுகள் கட்டடங்கள் சும்மா கிடந்தன. 1991இல் தொடங்கப்பட்ட எவர்கிறீன் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, நகர நிர்வாகத்தோடும் அதிகாரசபையோடும் சேர்ந்து, ஏறக்குறைய 55 மில்லியன் டொலர் திரட்டி, 2010இல் இவ்விடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

இனி இடத்துக்கு வருகிறேன். வாகனத் தரிப்பிடத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் பெரும்பாலானோர் சந்தைக் கொட்டகைப் பக்கம் திரும்புவார்கள். நான் சூளைக் கட்டடத்துக்குள் முதலில் போகச் சொல்வேன். பெரிய மண்டபம் அது. உயரமான கூரையும் துருவேறிய இரும்புத் தூண்களும் இருக்க, நடுவே ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நீண்ட சூளைகள் கிடக்கின்றன. செங்கல் அடுக்கிய வண்டிகள் ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெந்து வெளிவந்த குகைகள் அவை. சூளையின் சுவரில் கையை வைத்துப் பார்த்தால், சுட்டுச் சுட்டுக் கண்ணாடிபோல் மினுங்கும் திட்டுக்களும், அதன் மேல் இளைஞர்கள் நிறத்தூவலால் எழுதிய பெயர்களும் படங்களும் ஒரே கல்லின் மேல் கிடப்பது தெரியும். தொழிற்சாலை கைவிடப்பட்டிருந்த ஆண்டுகளில் இரவு விருந்துகளுக்கும் புகைப்படம் எடுப்பதற்கும் சுவரில் வரைவதற்கும் இங்கே திருட்டுத்தனமாக நுழைந்தவர்களின் கைவேலை அது. புதுப்பித்தவர்கள் அதைத் தேய்த்துக் கழுவாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

என் தாயார் இங்கே வந்தபோது அந்தச் சுவரின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார். "உந்தக் கிறுக்கலை ஏன் பிள்ளை அழிக்காமல் விட்டிருக்கினம்?" என்று கேட்டார். வேலை செய்தவர்கள் போன பிறகு யார் வந்தார்கள் என்பதும் இந்தக் கட்டடத்தின் கதைதானே, அம்மா, என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப எங்கட சீமெந்துத் தொழிற்சாலைக்கும் ஆராவது இப்பிடி ஒரு கதை எழுத வேணும்" என்றார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையை அறிந்த எவருக்கும் அந்த வார்த்தை சுருக்கென்று தைக்கும். 1950இல் தொடங்கி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல ஊர்களுக்குச் சோறு போட்டு, 1990இல் போரால் நின்றுபோன தொழிற்சாலை அது. சுண்ணக்கல் எடுத்த பெருங்கிடங்குகளில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மண்ணைத் தோண்டித் தின்ற ஒரு தொழிற்சாலையின் கிடங்கை மக்களுக்கு என்னவாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எங்களுக்கும் சொந்தமான கேள்வி. பிறிக் வேர்க்ஸைப் பார்க்கும் ஈழத்தமிழர் எவரும் இதை நினைக்காமல் திரும்ப முடியாது என்றே கருதுகிறேன்.

சூளைக் கட்டடத்தில் நடந்திருக்கும் புதிய வேலையையும் கவனிக்க வேண்டும். குளிர் நாட்டில் பழைய செங்கற்சுவருக்கு உட்புறம் பலகை அடித்து மூடிவிடுவதே வழக்கம். அப்படிச் செய்திருந்தால் சூளையும் மறைந்திருக்கும், சுவரும் மறைந்திருக்கும். இங்கே தரையைப் புதிதாக உயர்த்திப் போட்டு, அதற்குள் குழாய் பதித்து, நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு தரையையே சூடாக்குகிறார்கள். சூடு காலடியிலிருந்து வருவதால் கூரைவரை முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை, சுவரும் தன் முகத்தோடு நிற்கிறது. வெள்ளச் சமவெளியில் இருக்கும் கட்டடம் என்பதால், தண்ணீர் வந்தால் புகுந்து வடிந்து போகட்டும் என்ற எண்ணத்தோடுதான் வளாகம் முழுவதையும் வடிவமைத்திருக்கிறார்கள். வெள்ளத்தோடு மல்லுக்கட்டாமல் அதற்கு வழிவிட்டு வாழ்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடையாது. 2013 யூலை 8ஆம் திகதி பெய்த மழையில் இதே டொன் பள்ளத்தாக்கில் பயணிகள் இரயில் ஒன்று வெள்ளத்தில் சிக்கியதையும், 2024 யூலையில் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்ததையும் இந்நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும், கிறீன் சிற்றீஸ் மையம் எனப்படும் ஐந்து மாடிக் கட்டடத்தின் சுவரைப் பாருங்கள். வளாகத்தில் புதிதாக எழுந்த பெரிய கட்டடம் இது. சூழல் கேடின்றிக் கட்டும் முறைக்கான லீட் தரச்சான்றில் மிக உயர்ந்த பிளாட்டினம் நிலையைப் பெற்றது. ஆனால் சான்றிதழைவிட என் மனதில் நின்றது அந்தச் சுவரில் துருநிற உருக்குத் தகடுகளால் செய்யப்பட்ட படமே. ஃபெருச்சியோ சார்டெல்லா என்ற கலைஞர் செய்தது அது. முதலில் பார்க்கும்போது ஏதோ அலங்காரம் போலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் அது ரொறன்ரோவின் வரைபடம். வீதி ஒன்றும் அதில் இல்லை, ஓடைகளும் ஆறுகளும் பள்ளத்தாக்குகளும் மட்டுமே இருக்கின்றன. அந்த ஓடைக்கோடுகளில் தண்ணீர் கசிய, இடையிடையே செடி முளைத்திருக்கிறது. நகரின் கிழக்கே நம் ஸ்காபரோ பகுதியின் ஹைலண்ட் கிறீக், றூஜ் ஆறு, நகர மையத்தைத் தொடும் டொன், மேற்கே ஹம்பர் என்று விரலால் சுட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நெடுஞ்சாலை இலக்கங்களைக் கொண்டே இந்நகரத்தை அறிந்த ஒரு பிள்ளை, தன் வீடு எந்த ஆற்றின் நீர்ப்பிடிப்பில் இருக்கிறது என்று முதல்முறையாகத் தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இயற்கைக் கல்விக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியாது.

இவ்விடத்தின் மிகப் பெரிய செல்வம் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிறது. களிமண் எடுத்த குழியின் வடக்குச் சரிவு அது. புவியியல் படித்தவர்களுக்கு உலகம் முழுவதும் தெரிந்த இந்தச் சரிவு, நகரில் வாழும் எங்களில் பலருக்குத் தெரியாது. தொழிலாளர் மண்ணை வெட்ட வெட்ட, பனிக்காலங்களின் வரலாறு படிந்த அடுக்குகள் வெளியே தெரிந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏ. பி. கோல்மன் என்ற புவியியலாளர் அவற்றை ஆராய்ந்து, பனி ஒரே முறை வந்து போகவில்லை, இடையில் வெதுவெதுப்பான காலமும் இருந்தது என்பதற்கு இங்கிருந்து சான்று காட்டினார். அடியில் இருந்த பாறை ஏறக்குறைய 45 கோடி ஆண்டுப் பழமையானது. அதற்கு மேலே முந்திய பனிக்காலம் விட்டுச்சென்ற கல்லும் களியும் கலந்த படிவும், அதற்கும் மேலே டொன் படிவு என்று பெயர்பெற்ற மணலும் களிமண்ணும் கலந்த அடுக்கும் உள்ளன. அது ஏறக்குறைய 1,20,000 ஆண்டுகளுக்கு முன் படிந்தது. அக்காலத்தில் இங்கே இன்றையதைவிட 2 அல்லது 3 பாகை செல்சியஸ் அதிக வெப்பம் நிலவியதாக அதிலிருந்த தாவர, விலங்கு எச்சங்கள் காட்டுகின்றன. எங்கள் ஊர் அன்னமுன்னாவின் குடும்பத்தைச் சேர்ந்த போபோ மரத்தின் எச்சமும், கறுப்புக் கரடியளவு பெருத்த பண்டைய பீவர் என்னும் கொறிவிலங்கின் எச்சமும் இங்கிருந்து எடுக்கப்பட்டவற்றில் அடங்கும்.

அந்த வெப்ப அடுக்குக்கு மேலே, காலநிலை மறுபடி குளிரத் தொடங்கிய காலத்து ஏரிப்படிவு இருக்கிறது. அதன் பெயர் ஸ்காபரோ படிவு. ஸ்காபரோவின் ஏரிக்கரைப் பாறைச்சுவர்களில் நாம் பார்க்கும் அதே அடுக்குதான் அது. ஸ்காபரோவில் குடியிருந்து, புளஃப்ஸ் கடற்கரை என்று பேச்சுவழக்கில் சொல்லும் அந்த ஏரிக்கரையில் பிள்ளைகளோடு கோடைப்பொழுதைக் கழிக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. தாங்கள் மணல் விளையாடும் இடத்துச் சுவர், நகரின் நடுவிலிருக்கும் இந்தச் செங்கல் குழியிலும் தொடர்கிறது என்று சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் எப்படிக் கண்ணை விரிப்பார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். பூமி சூடாவதைப் பற்றிப் பள்ளியில் கேட்டுப் பயந்துபோகும் வயதில், இரண்டு மூன்று பாகை என்றால் என்ன மாறும் என்பதை மண்ணிலேயே தொட்டுக் காட்டக்கூடிய இடம் வேறெங்கே இருக்கிறது?

இங்கேதான் என் முதல் குறையும் இருக்கிறது. இத்தனை பெருமைக்குரிய சரிவு, வருகிறவரின் கண்ணில் படுவது அரிது. செடிகொடி படர்ந்து பெரும்பகுதி மறைந்துவிட்டது, அடி அடுக்குகள் குழியை நிரப்பிய மண்ணுக்குள் போய்விட்டன. விளக்கப் பலகையை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவருக்கு எது டொன் படிவு, எது ஸ்காபரோ படிவு என்று பிரித்தறிவது கடினம். சரிவில் ஏறுவதும் மண்ணைக் கிண்டுவதும் தடுக்கப்பட்டிருப்பது சரியே, ஏனெனில் அது பாதுகாக்கப்பட்ட அறிவியல் முக்கியத்துவமுடைய இடம். ஆனாலும் ஒரு சிறு பகுதியையேனும் செடி அகற்றித் துலக்கி, அடுக்குக்கு அடுக்கு அடையாளம் இட்டு, பக்கத்தில் தொட்டுப் பார்க்கத்தக்க மண் மாதிரிகளை வைத்தால் இவ்விடத்தின் மதிப்பு பலமடங்கு உயரும். சந்தைக்கும் நிகழ்ச்சிகளுக்கும் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கு இந்தச் சுவருக்குக் கிடைக்க வேண்டும்.

சரிவின் காலடியில் குளங்கள் இருக்கின்றன. நகர மையத்தில் ஸ்கோஷியா பிளாசா என்னும் உயர்கட்டடத்தைக் கட்டுவதற்காகத் தோண்டிய மண்ணைக் கொண்டுவந்து குழியின் ஒரு பகுதியை நிரப்பி, மட் கிறீக் ஓடையின் நீரைத் திருப்பி விட்டு, 1990களில் உருவாக்கிய ஈரநிலம் இது. வெஸ்டன் குடும்பத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓடைநீர் குளத்துக்குக் குளம் இறங்கும்போது வண்டல் அடியில் தங்கிவிட, சற்றுத் தெளிந்த நீரே டொன் ஆற்றைச் சேர்கிறது. 1969இல் மாசுக்கு எதிராகப் போராடிய மாணவர்கள் டொன் ஆறு செத்துவிட்டது என்று சொல்லி அதற்கு இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில், தொழிற்சாலை விட்டுப்போன குழியில், இன்று சம்பும் அல்லியும் வளர்ந்து நிற்கின்றன. வைகாசி, ஆனி மாதங்களில் மரப்பாலத்தில் பொறுமையாக நின்றால், நீரில் விழுந்து கிடக்கும் கட்டைகளில் வண்ணக் கழுத்து ஆமைகள் வரிசையாக வெயில் காய்வதைப் பார்க்கலாம். சம்புத் தண்டில் தொங்கியபடி சிவப்புத் தோளுடைய கரும்பறவை தன் எல்லைக்குள் வருவோரை எச்சரிக்கும். நீலக் கொக்கு ஒற்றைக்காலில் அசையாமல் மீனுக்குக் காத்திருக்கும். கோடையின் பிற்பகுதியில் மேட்டுப் புல்வெளியில், எங்கள் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடிகளின் இலையடியில் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் கோடுபோட்ட புழுக்கள் இருக்கின்றனவா என்று தேடலாம். எருக்கம்பாலை அறிந்தவர்களுக்கு, இந்தச் செடியின் பாலை உண்டு வளர்வதால்தான் அந்தப் பூச்சியைப் பறவைகள் ஒதுக்குகின்றன என்பது உடனே விளங்கும்.

பிள்ளைகளுக்கான தோட்டம் கட்டடங்களுக்கிடையே இருக்கிறது. ஊஞ்சலும் சறுக்குமரமும் கொண்ட வழமையான விளையாட்டிடத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். மண்ணும் தண்ணீரும் மரக்கட்டைகளும் கிளைகளும்தான் அங்கே விளையாட்டுப் பொருள்கள். பிள்ளைகள் கிளைகளைச் சாய்த்துக் கூடாரம் கட்டுகிறார்கள், சேறு குழைத்துச் 'சமைக்கிறார்கள்', வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மண்ணில் கைவைத்தால் நோய் வரும் என்று பயந்து வளர்க்கும் பெற்றோருக்கு இந்த இடத்தைக் கட்டாயம் பரிந்துரைக்கிறேன். மாற்றுச் சப்பாத்தும் உடையும் காரில் வைத்துக்கொண்டு போங்கள், பிள்ளையைத் தடுக்காதீர்கள். பள்ளிகள் கற்றல் பயணமாக வகுப்புகளை அழைத்து வருவதற்கும், விடுமுறையில் பிள்ளைகள் நாள்முகாம்களில் சேர்வதற்கும் ஒழுங்கு இருக்கிறது. முகாமுக்குக் கட்டணம் உண்டு, இடங்கள் வேகமாக நிரம்பும். தோட்டத்தில் விளையாடுவதற்கும் குளங்களைச் சுற்றி நடப்பதற்கும் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை என்பதை முக்கியமாகக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனெனில் இங்கு நுழைவுக் கட்டணம் இருக்கும் என்று நினைத்தே வராமலிருக்கும் குடும்பங்களை நான் அறிவேன்.

பணம் என்றதும், சந்தையையும் நிகழ்ச்சிகளையும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சனிக்கிழமை உழவர் சந்தை நல்ல சந்தை. ஒன்ராறியோவில் விளைந்ததை விளைவித்தவரின் கையிலிருந்தே வாங்கலாம், எந்த விதையை எப்போது இட்டார்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். ஆனால் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் மரக்கறி வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு விலை அதிகமாகவே தோன்றும். அத்துடன் திருமணங்களுக்கும் நிறுவன விருந்துகளுக்கும் மண்டபங்கள் வாடகைக்கு விடப்படுகின்றன. பதினாறு பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் செலவை நினைத்தால் அந்த வருமானம் தேவைதான் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இருந்தும், சூளைக் கட்டடம் தனிப்பட்ட விழாவுக்காக மூடியிருக்கும் நாளில் வருகிற பள்ளிப்பிள்ளை, இவ்விடத்தின் இதயத்தைப் பார்க்காமலே திரும்புகிறது. மாதத்தின் எந்த நாட்களில் சூளைகள் கட்டாயம் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்து, அதை மாற்றாமல் காக்க வேண்டும். பொதுநிலத்தில், பொதுப் பணமும் நன்கொடையும் சேர்த்து எழுப்பிய இடத்தில் கல்விக்கே முதலிடம் என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது போய்ச் சேரும் வழி. பள்ளத்தாக்கின் அடியில் இருப்பதால் பொதுப் போக்குவரத்தில் வருவது எளிதன்று. டேவிஸ்வில் சுரங்க இரயில் நிலையத்திலிருந்து 28ஆம் இலக்கப் பேருந்து வரும். பிறோட்வியூ நிலையத்திலிருந்து இலவசச் சிற்றுந்துச் சேவையும் பல ஆண்டுகள் இருந்தது. பேருந்தின் நேரத்தையும், சிற்றுந்து ஓடுகிறதா என்பதையும் புறப்படுமுன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் தரிப்பிடத்துக்குக் கட்டணம் உண்டு, சனிக்கிழமை காலையில் இடம் கிடைப்பது பெரும்பாடு. பெருமழைக்குப் பிறகு பேவியூவின் இப்பகுதி மூடப்படுவது வழமை என்பதால் வானிலையையும் கவனிக்க வேண்டும். மல்வேர்ண், மார்க்கம் போன்ற தொலைவான பகுதிகளிலிருந்து வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பேருந்தில் வரும் குடும்பத்துக்கு அரைநாள் வழியிலேயே போய்விடும். கார் வைத்திருப்போர் மட்டும் எளிதில் வந்துபோகும் இயற்கை மையம் முழுமையான சமூக மையமாக முடியாது. ஸ்காபரோவிலிருந்தும் எற்றோபிக்கோவிலிருந்தும் கோடை வார இறுதிகளில் நேரடிப் பேருந்து ஒன்றை ஒழுங்கு செய்தால் யாரெல்லாம் வந்து இறங்குவார்கள் என்பதைப் பார்க்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இந்நகரத்தில் வீட்டில் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினர். என் தாயாரைப் போன்ற மூத்தவர்கள் மண்ணையும் செடியையும் பருவத்தையும் நூலில் படிக்காமல் கையால் அறிந்தவர்கள். சூளையில் செங்கல் எப்படி வேகும் என்று அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன விளக்கம், அங்கிருந்த பலகையில் எழுதியிருந்ததைவிட நீளமானது. அத்தகையவர்களை வழிகாட்டிகளாகவே அமர்த்தலாம். அது நடக்கும்வரை, தமிழிலும் சீனத்திலும் உருதிலும் தகலோகிலும் ஒரு பக்க வழிகாட்டித் துண்டாவது நுழைவாயிலில் இருக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் கேட்டால் இது கிடைக்காமல் போகாது என்றே நம்புகிறேன். வார இறுதித் தமிழ் வகுப்புகளை நடத்துவோர் ஆண்டுக்கொரு வகுப்பை இங்கே, குளக்கரையில், மரஞ்செடிகளின் பெயர்களைத் தமிழில் சொல்லி நடத்திப் பார்க்கலாம்.

போக விரும்புவோருக்கு என் யோசனை இது. கூட்டம் வேண்டாம் என்றால் வார நாளில் போங்கள். சந்தையும் வேண்டும் என்றால் சனிக்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கே போய், முதலில் சூளைகளையும் உருக்கு வரைபடத்தையும் பார்த்துவிட்டு, பிறகு வாங்க வேண்டியதை வாங்கிக் காரில் வையுங்கள். குளங்களைச் சுற்றும் பாதை பெரும்பாலும் சமதரை, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். கால் வலு உள்ளவர்கள் வளாகத்தின் பக்கத்திலிருந்து சோர்லி பார்க்கை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நடக்கலாம். குழியின் விளிம்பிலுள்ள பார்வைமேட்டிலிருந்து குளங்களும், பள்ளத்தாக்கு என்று பொருள்படும் 'VALLEY' என்ற ஆங்கில எழுத்துக்கள் இன்னும் தெரியும் புகைபோக்கியும், அதற்கப்பால் நகர மையத்தின் உயர்கட்டடங்களும் ஒரே பார்வையில் விரியும். குளிர்காலத்தில் திறந்தவெளியில் பனிச்சறுக்குத் தளம் போட்டிருந்தால், சூளைக் கட்டடங்களின் நடுவே பிள்ளைகளைச் சறுக்கவிடலாம். ஆமைகளையும் பறவைகளையும் பார்க்க வைகாசி முதல் ஆனி வரை சிறந்த காலம். இலை நிறம் மாறும் ஒக்டோபரில் வடக்குச் சரிவின் செடிகள் மெலிந்து, மறைந்திருந்த மண் அடுக்குகள் கொஞ்சமேனும் கண்ணுக்குத் தெரியும் என்பதால், சரிவைப் பார்ப்பதற்கென்றே போவோர் இலையுதிர் காலத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது.